மூன்றாம் விலா

வானம் பார்க்க வந்த கூட்டம்
கேத்தியில் குனிந்து நிற்கிறது.
இங்கே பள்ளத்தாக்குதான் ஆகாயம்.
சாலையோரத் தடுப்பில் வயிற்றை அழுத்தி
வர்க்கித் துகள் சிந்தச் சிந்த
காலுக்குக் கீழே தேடுகிறார்கள்
பறக்கப்போவதை.

மைக் பிடித்த ஹாலன்
தடுப்பில் ஏறாதீர்கள் என்று
தமிழில் ஒருமுறை, படுகு மொழியில் ஒருமுறை,
யாரோ ஒரு பையனுக்காகத் தனியாக ஒருமுறை சொன்னார்.
மேட்டுப்பாளையம் ரயில்
நிலையத்தில் நின்றது நின்றபடி,
ஜன்னலுக்கு மூன்று தலை.

முதலில் ஜெட்டுகள். நான்கு.
"வருது" என்று வாயெடுப்பதற்குள்
மைசூர் போயிருந்தன.
சத்தம் மட்டும் பிந்தி வந்து
தேயிலைச் சரிவில் கொஞ்சநேரம் வழி தேடியது.
முட்டைக்கோஸ் தோட்டத்து நாய்
அதை அன்று முழுவதும் மன்னிக்கவில்லை.

அப்புறம் என் மஞ்சள்.

என் என்றால், எனக்குச் சொந்தமில்லை.
மரச்சட்டம், கம்பி, துணி;
நாற்பத்து மூன்றில் பிறந்த இரட்டை இறக்கை.
துணி போர்த்துவது நான்.
சூலூர் ஷெட்டில், நீள ஊசியால்
மெழுகு நூலை மேலும் கீழும் இழுத்து
விலாவுக்கு விலா முடிச்சு.
டோப் பூசிக் காய்ந்தபின்
தட்டினால் மேளம்போல் பதில் சொல்ல வேண்டும்.

நாணய்யா மேலிருந்து தெரிந்தார்.
தோல் தொப்பி, தோள்கள்,
முழங்காலில் கட்டிய காகிதம்கூட.
ஒரு விமானியின் உச்சந்தலையை
மலையில்தான் பார்க்க முடியும்.
மெலிந்த காற்றில் எஞ்சின்
மாடிப்படி ஏறுகிற ஆள்போல் இளைத்தது.
ஒரு வட்டம். ஒரு பக்கவாட்டுச் சறுக்கல்.
கேரட் கழுவும் பெண்கள்
குழாயைக் கீழே வைக்காமலே கைதட்டினார்கள்,
எல்லோர் மேலும் தண்ணீர்.

குன்னூர்ப் பக்கமிருந்து மூடுபனி வந்தது,
யாரிடமும் கேட்காமல்.
முதலில் பாலாடா போனது. பிறகு ரயில்.
பிறகு மஞ்சள்.

காலையிலேயே சொல்லியிருந்தார்:
"கவிழ்த்தால் எஞ்சின் மூச்சை நிறுத்திடும்.
பெட்ரோலுக்குக் கீழ்நோக்கி மட்டும்தான் வழி தெரியும்.
பயப்படாதீங்க. ஏழு எண்ணுங்க."

வெள்ளைக்குள் எங்கோ சத்தம் சுழன்றது.
நின்றது.

ஹாலனின் மைக்கில் மூச்சு மட்டும்.

ஒன்று. இரண்டு.
மூன்று என்றதும்
மூன்றாம் விலா ஞாபகம் வந்தது.
இடது கீழ் இறக்கை, நாலாவது முடிச்சு.
அப்போதுதான் கேஸ் சிலிண்டர்காரர் போன் செய்தார்.
தோளில் இடுக்கிக்கொண்டு
"பக்கத்து வீட்டில் கொடுத்துடுங்க" என்றேன்.
கை தன்பாட்டுக்குச் சுருக்குப் போட்டது.
இறுக்கினேனா?
நாலு.
இறுக்கினேன். இல்லை,
இறுக்கியதாக நினைத்து அடுத்ததை ஆரம்பித்தேன்.
ஐந்து. ஆறு.
ஒன்று போனால் பக்கத்து முடிச்சு தாங்கும்
என்கிறது விதிப்புத்தகம்.
விதிப்புத்தகம் சூலூரில் இருந்தது.
ஏழு.

எட்டுக்கு என்ன செய்வதென்று
அவர் சொல்லவில்லை.

ஒன்பதில் ஒரு பெண் குழாயை மூடினாள்.
அதுவரை தண்ணீர் ஓடியது
அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

பத்து.

பதினொன்றில் ஒரு இருமல்.
இன்னொரு இருமல்.
நாங்கள் கீழேயே பார்த்துக்கொண்டிருக்க
தலைக்கு மேலே,
யூகலிப்டஸ் நுனிகளைத் தொட்டுவிடும் உயரத்தில்
வயிறு காட்டிப் போனது மஞ்சள்.
மற்ற ஊர்க்காரர்களைப்போல்
அன்றைக்கு முதல்முறை அண்ணாந்தோம்.
"தடுப்பில் ஏறாதீர்கள்" என்றார் ஹாலன்.
வேறெதுவும் வரவில்லை அவருக்கு.

சாயங்காலம் ஷெட்டில்
இறக்கையில் இன்னும் மலையின் ஈரம்.
ஏன் பதினொன்று என்றேன்.
"பனிக்கு மேலே நல்ல வெயில்.
கொஞ்சநேரம் தலைகீழாகவே பார்த்தேன்."
நாணய்யா டீ தேடிப் போய்விட்டார்.

விரலால் அழுத்தி அழுத்தி எண்ணினேன்.
மூன்றாம் விலா. நாலாவது முடிச்சு
கல் மாதிரி இருந்தது.
ஐந்தாவது தளர்ந்திருந்தது.
போன் வராத முடிச்சு.
பதினொன்று வரை எண்ணியும்
நான் ஒருமுறைகூடச் சந்தேகிக்காதது.

போனை அணைத்து வைத்தேன்.
அப்புறம் யோசித்து, திரும்பப் போட்டேன்.
கத்தரியையும் ஊசியையும் எடுத்து
விளக்கை இறக்கைக்குப் பக்கத்தில் இழுத்தேன்.